பதினொரு பெயர்களைக் கூட்டினால் ஓர் அணி வருமா?

2021 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் நான்காவது டெஸ்ட் நம் நேரப்படி விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கியது. காபி ஆறுவதற்குள் ஒரு தாளில் இந்தியாவின் ஐந்து பந்துவீச்சாளர்களின் பெயர்களை எழுதி, அதுவரை அவர்கள் டெஸ்டில் எடுத்திருந்த விக்கெட்டுகளை எதிரே குறித்தேன். சிராஜ் 7. சைனி 4. ஷர்துல் தாக்கூர் 0. 2018-ல் ஹைதராபாத்தில் ஆடிய ஒரே டெஸ்டில் பத்துப் பந்து வீசியதும் காயத்தோடு வெளியேறியவர் அவர். சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் சென்னையின் வாஷிங்டன் சுந்தருக்கும் அன்றுதான் முதல் டெஸ்ட். ஆக மொத்தம் 11. எதிரணியான ஆஸ்திரேலியாவில் நேதன் லயன் ஒருவரே 396 விக்கெட்டுகளோடு தன் நூறாவது டெஸ்டுக்கு வந்திருந்தார். ஸ்டார்க், ஹேசில்வுட், கம்மின்ஸ் மூவரையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். தாளை மடித்து வைத்துவிட்டு, இந்தியா எத்தனையாவது நாளில் தோற்கும் என்பதில் மட்டும் நண்பர் ஒருவரிடம் ஒரு காபிக்குப் பந்தயம் கட்டினேன்.

19-ம் தேதி இந்தியா 7 விக்கெட்டுக்கு 329 எடுத்து வென்றது. 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா ஒரு டெஸ்டிலும் தோற்றதில்லை. இரண்டு இன்னிங்ஸிலும் விழுந்த 20 ஆஸ்திரேலிய விக்கெட்டுகளையும் எடுத்தவர்கள் நான் 11 என்று கூட்டி வைத்திருந்த அதே ஆட்கள்தான்: ஷர்துல் 7, சிராஜ் 6, சுந்தர் 4, நடராஜன் 3.

பந்தயக் காபி போனது போகட்டும். ஓர் அணியின் பலத்தை எண்ணாகச் சொல்ல எது தோதான வழி என்ற கேள்வி மட்டும் அன்றிலிருந்து என்னை விடவில்லை. ஒவ்வொரு தொடருக்கு முன்பும் ஏதாவது ஒரு முறையைப் போட்டுப் பார்க்கிறேன். கையில் இருப்பவை நான்கு வழிகள். வீரர்களின் சராசரிகளைக் கூட்டலாம். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி வீரர்களுக்குத் தரும் தரப்புள்ளிகளைக் கூட்டலாம். வீரர்கள் யாரென்றே பார்க்காமல் அணியின் வெற்றி தோல்வியை மட்டும் கணக்கில் எடுக்கலாம். அல்லது பந்துக்குப் பந்து விவரங்களை வைத்துக் கணிக்கலாம். இங்கே பேசப்போவது பெரும்பாலும் டெஸ்டைப் பற்றி.

முதல் வழிக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். பேட்டிங் சராசரி என்பது ஒருவர் ஒருமுறை ஆட்டமிழப்பதற்குள் எடுக்கும் ரன். பத்துப் பேர் ஆட்டமிழந்தால் இன்னிங்ஸ் முடிந்தது. ஆகவே பதினொருவரின் சராசரிகளையும் கூட்டினால், அந்த அணி ஓர் இன்னிங்ஸில் ஏறக்குறைய எவ்வளவு எடுக்கும் என்பது வந்துவிடும். பந்துவீச்சிலும் அப்படியே: ஐந்து பேரின் சராசரியை, அதாவது ஒரு விக்கெட்டுக்குக் கொடுக்கும் ரன்னை, அவர்கள் வீசும் ஓவர்களுக்கு ஏற்ப எடைபோட்டுப் பத்தால் பெருக்கினால், எதிரணி எடுக்கக்கூடிய ஸ்கோர். பிறகு இரண்டையும் மோதவிட வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஓர் அணியின் பேட்டிங் கூட்டல் 350 என்று வைத்துக்கொள்வோம். எதிரணிப் பந்துவீச்சாளர்கள் ஒரு விக்கெட்டுக்குக் கொடுப்பது 25 ரன். பொதுவாக ஒரு விக்கெட்டுக்கு 32 ரன் போகிறது என்றால், 350-ஐ 25-ஆல் பெருக்கி 32-ஆல் வகுக்க வேண்டும். 273 வரும். மறுபக்கத்துக்கும் இதையே செய்து இரண்டு ஸ்கோர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த அணி எவ்வளவு மேல் என்பது ரன்னாகவே தெரிகிறது. தரவரிசைப் புள்ளியைவிட இது எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணமே இதுதான். "நாற்பது ரன் மேல்" என்றால் கிரிக்கெட் பார்க்கிற எவருக்கும் புரியும்.

சிக்கல் எங்கே என்றால், சராசரி யாரிடம் எடுத்த ரன் என்று சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸை எடுத்துக்கொள்ளுங்கள். 20 டெஸ்ட், 1485 ரன், சராசரி 61.87. பிராட்மேனின் 99.94-க்கு அடுத்து யார் என்று தேடும் பட்டியல்களில், குறைந்தபட்ச இன்னிங்ஸ் எண்ணிக்கையை 20 என்று வைத்தால் இவர் பெயர்தான் பளிச்சென்று வரும். பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 130, பிறகு 37, அடுத்த தொடரில் ஆட்டமிழக்காமல் 269, மறுபடியும் ஆட்டமிழக்காமல் 106. ஒரே ஒருமுறை அவுட்டாகி 542 ரன். அதைக் கழித்துவிட்டால் மிச்சம் 943 ரன், 23 அவுட். சராசரி 41. நல்ல வீரர்தான், ஆனால் 41 வேறு, 61 வேறு.

எதிரணியின் தரத்தைக் கழிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் கழிப்பவர்களும் உண்டு. முரளிதரனின் 800 விக்கெட்டுகளில் 176 வங்கதேசத்துக்கும் ஜிம்பாப்வேக்கும் எதிராக எடுத்தவை, வார்னுக்கோ அது 17-தான் என்பார்கள். சரி, கழித்தே பார்ப்போம். முரளிக்கு மிச்சம் 108 டெஸ்டில் 624, டெஸ்டுக்கு 5.8. வார்னுக்கு 142 டெஸ்டில் 691, டெஸ்டுக்கு 4.9. கழித்த பிறகும் முரளிதான் மேலே இருக்கிறார். இதைச் சொன்னால் பேச்சு உடனே சிட்னி ஆடுகளத்துக்கும் கண்டி ஆடுகளத்துக்கும் போய்விடும். அதுவும் நியாயமான கேள்விதான். அஸ்வினின் 537 விக்கெட்டுகளில் 383 இந்திய மண்ணில், 21.57 என்ற சராசரியில் வந்தவை. வெளியில் எடுத்த 154-க்குச் சராசரி 30-ஐ ஒட்டி நிற்கிறது. சேப்பாக்கத்தில் நடக்கும் டெஸ்டுக்கும் பெர்த்தில் நடக்கும் டெஸ்டுக்கும் அஸ்வின் பெயருக்கு எதிரே ஒரே எண்ணை எழுதுகிறவர் பந்தயம் கட்டாமலிருப்பது நல்லது.

இன்னொரு சிக்கல், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. இதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பேட்ஸ்மேன் கணக்கிலும், சாதாரண வீரர் ஒருவர் 35 சராசரியில் இருபது முறை ஆட்டமிழந்ததுபோல் 700 ரன்னையும் 20 அவுட்டையும் சேர்த்துவிடுவேன். வோஜஸுக்கு 44 அவுட்டில் 2185 ரன், சராசரி 49.7 ஆகிறது. ஜாக் காலிஸுக்கு 13,289 ரன், 240 அவுட், சராசரி 55.37. அவர் கணக்கிலும் அதே 700-ஐயும் 20-ஐயும் சேர்த்தால் 53.8. முதலில் வோஜஸுக்குக் கீழே இருந்த காலிஸ் இப்போது மேலே. 166 டெஸ்ட் ஆடியவரை இந்தத் தண்ணீர் கலப்பு அசைக்கவில்லை. 20 டெஸ்ட் ஆடியவரை இறக்கிவிட்டது. எந்த அளவு நம்பலாமோ அந்த அளவுக்கு மட்டும் நம்புவது என்பதை எண்ணில் செய்தால் இப்படித்தான் இருக்கும்.

மாட்டுப் பொங்கல் தாளில் நான் செய்த தவறும் இங்கேதான் பிடிபட்டது. விக்கெட்டுகளின் எண்ணிக்கை எத்தனை நாளாக ஆடுகிறார் என்பதைத்தான் சொல்கிறது. முதல் டெஸ்ட் ஆடுகிற நடராஜனுக்கு நான் பூஜ்யம் போட்டேன். போட்டிருக்க வேண்டியது, அந்த மட்டத்துக்கு வந்துசேரும் ஒரு புதுமுகப் பந்துவீச்சாளரிடம் எதிர்பார்க்கக்கூடிய சராசரியை, 35 என்றோ 36 என்றோ. அப்படிப் போட்டிருந்தாலும் ஆஸ்திரேலியாதான் மேலே வந்திருக்கும். ஆனால் எத்தனையாவது நாளில் தோல்வி என்று பந்தயம் கட்டும் தைரியம் வந்திருக்காது.

வீரர்களின் கணக்கைக் கூட்டி அணியை அளக்கக் கூடாது என்பவர்கள் தவறாமல் நீட்டும் சான்று ஒன்று உண்டு. 2005 அக்டோபரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கும் உலக அணிக்கும் நடந்த டெஸ்ட். உலக அணியில் ஸ்மித், சேவாக், டிராவிட், லாரா, காலிஸ், இன்சமாம், ஃபிளின்டாஃப், பவுச்சர், வெட்டோரி, ஹார்மிசன், முரளிதரன். காகிதத்தில் இதற்கு மேல் ஓர் அணியை யார் போட முடியும்? ஆட்டத்தை ஆறு நாளுக்குத் திட்டமிட்டிருந்தார்கள். நான்காவது நாளில் 210 ரன் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியா முடித்துவிட்டது. உலக அணி எடுத்தது 190-ம் 144-ம். சேவாக் 76 அடித்தார். இன்சமாம் 1, 0. அந்த ஆஸ்திரேலியா அதற்கு முந்தைய மாதம்தான் ஆஷஸ் தொடரை இங்கிலாந்திடம் இழந்திருந்தது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

இதிலிருந்து எல்லோரும் எடுக்கும் பாடம் "கூட்டு முயற்சியே பலம்" என்பது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அந்தப் பதினொருவர் அதற்கு முன் சேர்ந்து டெஸ்ட் ஆடியதில்லை என்பதும், நாட்டுக்காக ஆடும் வெறி அதில் இருந்திருக்காது என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் உலக அணியின் பெயர்களைப் பார்த்து மயங்கியவர்கள் பார்த்தது பேட்டிங் பெயர்களை. சுழலுக்குத் தோதான சிட்னியில் வார்ன், மெக்கில் இருவரும் சேர்ந்து 15 விக்கெட் எடுத்தார்கள். மெக்கில் மட்டும் ஒன்பது. வார்ன் இருந்ததால் பாதி வாழ்நாளை வெளியே உட்கார்ந்து கழித்தவர் அவர். இருவரின் பந்துவீச்சுச் சராசரியையும், அந்த மைதானத்தையும், கூடவே வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத்தையும் எழுதிக் கணக்குப் போட்டிருந்தால், உலக அணியின் கூட்டல் அத்தனை உயரத்தில் நின்றிருக்காது. தவிர, அது ஒரே ஓர் ஆட்டம். ஒரு சோற்றுப் பதம் கிரிக்கெட்டில் செல்லாது.

இரண்டாவது வழியான ஐசிசி தரப்புள்ளிகளைப் பற்றி இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. 1987-ல் டெட் டெக்ஸ்டர் யோசனையில் தொடங்கியது. பூஜ்யத்திலிருந்து ஆயிரம் வரை அளவுகோல். உச்சம் பிராட்மேனின் 961. எதிரணி யார், அந்த ஆட்டத்தில் ரன் எடுப்பது எவ்வளவு கடினமாக இருந்தது, சமீபத்தியதா பழையதா என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்கிறது. வோஜஸ் கதை அங்கே எடுபடாது. ஒரு வீரரை இன்னொரு வீரரோடு ஒப்பிட அதைவிடக் கைக்கு எளிதான அளவு வேறில்லை. 2016-ல் அஸ்வின் தொட்ட 904-ஐ 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் பும்ரா கடந்தபோது அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது.

ஆனால் கூட்டுவதற்கு அது உகந்ததல்ல. 900 புள்ளி பெற்றவர் 450 புள்ளிக்காரரைப்போல இரண்டு மடங்கு ரன் எடுப்பதில்லை. பேட்டிங் புள்ளியையும் பந்துவீச்சுப் புள்ளியையும் ஒரே கூடையில் போட்டால் வரும் எண்ணுக்கு எந்த அலகும் கிடையாது. காயத்தால் ஒரு டெஸ்ட் ஆடாதவருக்கு ஒரு சதவீதம் குறைகிறது. புதியவருக்குப் பல இன்னிங்ஸ் வரை முழுப்புள்ளி கிடைக்காது. தரவரிசைக்கு அது சரி. காபா காலையில் அதைக் கூட்டியிருந்தால், என் 11-ஐப்போலவே ஒரு பரிதாபமான எண்தான் வந்திருக்கும்.

மூன்றாவது வழி பெயர்களையே மறந்துவிடுவது. டேவிட் கெண்டிக்ஸ் வடிவமைத்த ஐசிசி அணித் தரவரிசை இப்படி வேலை செய்கிறது: 110 புள்ளி அணி 90 புள்ளி அணியை வென்றால், வென்றவர் கணக்கில் எதிரியின் 90-ஓடு 50 சேர்த்து 140 எழுதப்படும். தோற்றவருக்கு 110-லிருந்து 50 கழித்து 60. இப்படி எழுதியவற்றின் சராசரிதான் அணியின் புள்ளி. இடைவெளி 40-ஐ எட்டிவிட்டால் வேறு விதி. மூன்று நான்கு ஆண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்கிறார்கள். பழையவற்றுக்குப் பாதி மதிப்பு. யாரை வென்றாய் என்பது உள்ளேயே அடங்கிவிடுகிறது. தலைமை, கேட்ச் பிடிக்கும் கைகள், ஐந்தாம் நாள் பிற்பகலில் தளராமல் நிற்பது என்று எந்தச் சராசரியிலும் ஏறாதவை எல்லாம் வெற்றி தோல்வியில் ஏறியிருக்கும். எங்கே ஆடினாய் என்பதைத்தான் அது பார்ப்பதில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் எதிரியின் பலத்தைப் பொறுத்துப் புள்ளியைக் கூட்டிக் குறைக்கும் சதுரங்கத்தின் ஈலோ முறையை அணிகளுக்குப் போட்டு, சொந்த மண்ணுக்குக் கொஞ்சம் புள்ளி கூட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ஐசிசி பட்டியலைவிட அது நியாயமாகவே இருக்கிறது.

அப்படியானால் இதையே வைத்துக்கொள்ளலாமே என்று என் நண்பர் கேட்பார். பந்தயக் காபியை வாங்கிக் குடித்தவர் அவர்தான். எனக்குத் தடையாக இருப்பது ஒரு சின்ன எண்ணிக்கை. 2020 டிசம்பர் 17 அன்று அடிலெய்டில் களமிறங்கிய இந்தியப் பதினொருவரை எடுத்துக்கொள்ளுங்கள்: பிருத்வி ஷா, மயங்க் அகர்வால், புஜாரா, கோலி, ரஹானே, விஹாரி, சாஹா, அஸ்வின், உமேஷ், ஷமி, பும்ரா. இரண்டாவது இன்னிங்ஸில் 36 ரன்னில் சுருண்டவர்கள் இவர்கள். ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் காபாவில் ஆடியவர்களில் இந்தப் பட்டியலில் இருந்தவர்கள் அகர்வால், புஜாரா, ரஹானே மூவர் மட்டும். தரவரிசைப் பட்டியலில் இரண்டும் "இந்தியா". எட்டுப் பேர் மாறியது அதற்குத் தெரியாது. அங்கே வீரர்களின் கணக்கு தவிர வேறு போக்கிடம் கிடையாது.

நான்காவது வழிக்கு நான் புதியவன். கிரிக்‌ஷீட் என்ற தளத்தில் சர்வதேச ஆட்டங்களின் பந்துக்குப் பந்து விவரம் இலவசமாகக் கிடைக்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு அது புதையல். ஒரு பந்தின் மதிப்பு மீதமுள்ள ஓவரையும் விக்கெட்டையும் பொறுத்தது என்பதை மழையால் தடைபடும் ஆட்டங்களுக்காக டக்வொர்த்தும் லூயிஸும் போட்ட அட்டவணை 1997-லிருந்து நமக்குக் காட்டிவருகிறது. அதே யோசனையை ஒவ்வொரு வீரருக்கும் நீட்டலாம். இரண்டு வார இறுதிகளைச் செலவழித்துப் பார்த்தேன். இடக்கை பேட்ஸ்மேனுக்கு எதிராக ஆஃப் ஸ்பின், புதுப்பந்து, பழைய பந்து என்று பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு பெட்டியிலும் மிஞ்சியது கைவிரல் எண்ணிக்கைதான். முப்பது பந்தில் இரண்டு அவுட் என்பதை வைத்து ஒருவரின் பலவீனத்தைத் தீர்மானிப்பது தொலைக்காட்சி வர்ணனைக்கு நன்றாக இருக்கும்.

இருபது ஓவர் ஆட்டத்தில் மட்டும் இந்த வழிக்கு நான் வாக்களிப்பேன். அங்கே 120 பந்துகளுக்குப் பத்து விக்கெட். பன்னிரண்டு பந்துக்கு ஒன்றைத் தாராளமாகச் செலவழிக்கலாம். ஆட்டமிழக்காமல் இருப்பதைக் கொண்டாடும் சராசரி அங்கே பாதி பொய் சொல்கிறது. பவர்பிளே எனப்படும் முதல் ஆறு ஓவரில் எவ்வளவு, கடைசி நான்கு ஓவரில் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் ஆள் தெரிகிறார். 2016 ஐபிஎல்லில் கோலி 16 ஆட்டங்களில் 973 ரன் குவித்தார். ஆனாலும் இறுதி ஆட்டத்தில் பெங்களூரு எட்டு ரன்னில் தோற்றது. வென்ற ஹைதராபாத்தில் இருந்தவர் அந்த ஆண்டு அதிக விக்கெட் எடுத்த புவனேஷ்வர் குமார். அணியின் பேட்டிங்கை மட்டும் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்த ஆண்டை நினைவுபடுத்துவேன்.

எந்த வழியும் பிடிக்காத தொடர்களும் வரத்தான் செய்யும். 2024 அக்டோபர்-நவம்பரில் நியூசிலாந்து, வில்லியம்சன் இல்லாமல், இந்திய மண்ணில் 3-0 என்று வென்றபோது தரவரிசை, சராசரி, ஆடுகளம் என எல்லாமே மறுபக்கம் நின்றன. அதற்கு முன் டெஸ்டில் ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்திராத சான்ட்னர் புனேயில் 13 விக்கெட் எடுத்தார். 2023 உலகக் கோப்பை இறுதியிலும் பத்து ஆட்டங்களை வரிசையாக வென்று வந்த இந்தியாவுக்கு என் தாள் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு தந்தது. மிச்சமிருந்த ஒரு பங்கை டிராவிஸ் ஹெட் 137 ரன்னில் எடுத்துக்கொண்டார். தாள் தவறு என்று நண்பர் சொன்னார். மூன்றில் ஒருமுறை நடக்கும் என்று எழுதியது நடந்தால் அது எப்படித் தவறாகும் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்போது நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது. தொடர் அறிவிக்கப்பட்டதும் அணித் தரவரிசையை எடுத்து, சொந்த மண்ணுக்கு உரியதைக் கூட்டி ஒரு பக்கம் எழுதிவிடுவேன். டாஸ் போட்டுப் பதினொருவர் பெயர் வந்தவுடன், அந்த அணி கடைசியாக ஆடிய தொடரில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவேன். எட்டோ அதற்கு மேலோ என்றால் தரவரிசை சொன்னதே என் கணிப்பு. அதற்குக் கீழே என்றால் சராசரிக் கணக்கு: கடைசி நான்கு ஆண்டு ஆட்டங்கள் மட்டும், மண்ணுக்கு ஏற்பப் பிரித்து, தண்ணீர் கலந்து. பந்துவீச்சை முதலில் போடுவேன். இருபது விக்கெட் எடுக்க ஆள் இல்லாத அணிக்குப் பேட்டிங்கைக் கூட்டி நேரத்தை வீணாக்குவதில்லை. முதல் டெஸ்ட் ஆடுகிறவர் பெயருக்கு எதிரே பேனா தானாகப் பூஜ்யத்துக்குத்தான் போகிறது. அதைத் தடுத்து 35 என்று எழுதுவேன். டாஸுக்கும் முதல் பந்துக்கும் நடுவே இருப்பது அரை மணி நேரம். காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.